காக்கியைக் கழற்றிய பிறகு ஊராட்சித் தேர்தலில் நிற்பது எப்படி

2018 ஜூன் 30 சாயங்காலம் ஸ்டேஷனில் மாலை போட்டு, ஜீப்பில் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். 1983-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவன், எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளராக, ஓய்வு பெற்றேன். ஒன்றரை வருடம் கழித்து, 2020 ஜனவரி 6-ம் தேதி, சிவகங்கை மாவட்டத்தில் என் சொந்த ஊருக்கு ஊராட்சித் தலைவராக உறுதிமொழி எடுத்தேன். 2025 ஜனவரி 5 வரை, ஐந்து வருடமும் அந்தப் பொறுப்பில் இருந்தேன்.

ஓய்வு பெறப்போகிற தம்பிகள் இப்போது அடிக்கடி போன் போடுகிறார்கள். "அண்ணே, நானும் ஊர்ல நிக்கலாம்னு பாக்குறேன். என்ன பண்ணணும்?" என்கிறார்கள். மனுத்தாக்கல் தேதி, டெபாசிட், சின்னம் பற்றித்தான் கேட்கிறார்கள். அதெல்லாம் இரண்டு நாள் வேலை. நம்மைப் பார்த்து எழுந்து நின்று பழகிய ஊர்க்காரர்கள் முன்னால் போய் நாம் நின்று கேட்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதனால் இந்தக் குறிப்பில் மனு பற்றிக் குறைவாகவும் மற்றதைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

பெரிய அதிகாரிகள் சட்டமன்றத்துக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். டி.ஜி.பி.யாக இருந்த ஆர்.நட்ராஜ் 2016-ல் மயிலாப்பூரில் எம்.எல்.ஏ. ஆனார். ஐ.பி.எஸ்.ஸை 2019-ல் விட்டுவந்த அண்ணாமலை 2021-ல் அரவக்குறிச்சியில் தோற்றார். அவர்களுக்குக் கட்சி இருந்தது, பெயர் இருந்தது. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏட்டு, எஸ்.எஸ்.ஐ. என்று வந்த நம்மைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான இடம் கிராம ஊராட்சிதான். அங்கே தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சி, நகராட்சி என்றால் கதை வேறு. 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புறத் தேர்தலைப் போல அது கட்சிச் சின்னத்தில் நடக்கும். மக்கள் கவுன்சிலரை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள், தலைவரையும் மேயரையும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கட்சியில் இல்லாத ஓய்வுபெற்ற காவலருக்கு அங்கே வழி குறுகல்.

சீருடை முழுசாக இறங்கட்டும்

பணியில் இருக்கும்போது தேர்தலில் நிற்க முடியாது. நிற்பதை விடுங்கள், ஒருவருக்காக ஓட்டுக் கேட்பதும் நடத்தை விதிகளை மீறிய செயல். "ரிட்டயர்மென்டுக்கு ஆறு மாசம்தான் இருக்கு, இப்பவே போர்டு வைக்கலாமா" என்று ஒரு தம்பி கேட்டார். வைக்கக் கூடாது. ஒரு மொட்டைப் பெட்டிஷன் போதும், துறை நடவடிக்கையான 3(பி) சார்ஜ் வந்து உட்கார்ந்துகொள்ளும். சார்ஜ் நிலுவையில் இருந்தால் ஓய்வுப் பலன்களும் மாட்டிக்கொள்ளும்.

விருப்ப ஓய்வில் வருபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 50 வயதோ 20 வருட சர்வீஸோ ஆகியிருந்தால், மூன்று மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கொடுத்துவிட்டதாலேயே ஓய்வு பெற்றதாக ஆகாது. விடுவிப்பு ஆணை கையில் இருக்க வேண்டும். இல்லாமல் மனுத்தாக்கல் செய்தால் பரிசீலனை அன்றைக்கு எதிராளி எழுந்து, "இவர் இன்னும் அரசு ஊழியர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு நிற்க எந்தத் தடையும் இல்லை, பென்ஷனும் நிற்காது. லஞ்சக் குற்றத்துக்காக டிஸ்மிஸ் ஆனவர்களுக்குத் தடை உண்டு.

இன்னொரு வேலையும் அதே வாரத்தில் செய்தேன். என் பைக்கின் முன் நம்பர் பிளேட்டுக்கு மேலே சிவப்பும் நீலமுமாக 'காவல்' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. பழைய பனியன் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, பிசினையும் எடுத்தேன். கால் மணி நேரம் ஆனது. எடுத்த இடத்தில் பெயின்ட் மட்டும் பளிச்சென்று வேறு நிறமாகத் தெரிந்தது. டீக்கடையில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன ஏட்டையா, கிழிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தச் செய்தி இரண்டே நாளில் ஊர் முழுக்கப் போய்விட்டது. நான் எஸ்.எஸ்.ஐ. ஆகிப் பத்து வருடம் ஆகியும் ஊரில் என் பெயர் ஏட்டையாதான், அதை மாற்ற நானும் முயலவில்லை.

ஓட்டர் லிஸ்டும் வீட்டு வரி ரசீதும்

நம்மில் நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறோம். இருபது வருடம் போலீஸ் குவார்ட்டர்ஸில் இருந்திருப்போம், ஓட்டும் அங்கேதான் இருக்கும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அந்த ஊராட்சியில் நிற்க முடியும். உள்ளாட்சிப் பட்டியலை அந்தப் பகுதியின் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். அதனால் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 கொடுத்துவிடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. பெயர் எந்த வார்டில் வந்திருக்கிறது, அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து வரி. ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய பாக்கிக்கு நோட்டீஸ் வந்து, கெடு முடிந்தும் கட்டாமல் இருந்தால் அதுவே தகுதியிழப்பு. பூர்வீக வீடு அப்பா பெயரில் இருக்கும், குடிநீர்க் கட்டணம் தம்பி பெயரில் இருக்கும், கட்டியாச்சு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்போம். எங்கள் வீட்டில் மூன்று வருட வீட்டு வரி நிலுவையில் இருந்தது. கட்டி ரசீது வாங்கி, ஊராட்சிச் செயலரிடம் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டேன். ஊராட்சி வேலையில் ஏதாவது கான்ட்ராக்ட் உங்கள் பெயரில் நடந்துகொண்டிருந்தால் அதையும் முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊராட்சி யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அரசாணை வந்தவுடன் பாருங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவர் பதவி பெண்களுக்கு வந்துவிட்டால் மனைவியை நிறுத்திவிட்டுத் தாங்களே பின்னால் உட்கார்ந்து நடத்தலாம் என்று சில தம்பிகள் கணக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பக்கத்து ஊராட்சியில் பார்த்தேன். தலைவர் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பார், அவருடைய கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு வந்தவர்களை அதட்டிக்கொண்டிருப்பார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்க நன்றாகத் தெரியும், கணக்கும் தெரியும். பார்க்கவே மனசு பொறுக்கவில்லை. உங்கள் மனைவிக்கு விருப்பமும் திறமையும் இருந்தால் அவர் நிற்கட்டும், அவரே நடத்தட்டும். நீங்கள் வார்டு உறுப்பினராக நில்லுங்கள், அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிதான்.

தெருவில் இறங்குவது

2016 அக்டோபரில் பழைய உறுப்பினர்களின் காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பார்த்தார்கள். நான் ஊருக்கு வந்தபோது எங்கள் ஊர் அப்படித்தான் இருந்தது. தெருவிளக்கு போனால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. மேல்நிலைத் தொட்டி வால்வில் தண்ணீர் ஒழுகி, சுற்றிலும் கோரைப்புல் முளைத்துக் கிடந்தது. கண்மாயின் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம்.

தேர்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத அந்த நாட்களில் நான் தினமும் காலை ஐந்து மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். பீட் போகிற பழக்கம்தான். ஒரு நாள் ஒரு தெரு. சட்டைப்பையில் சின்ன நோட்டு. எந்தத் தெருவில் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எந்த போஸ்டில் பல்பு இல்லை, முதியோர் பென்ஷன் நின்றுபோனவர் யார் என்று தேதி போட்டுக் குறித்துக்கொள்வேன். 35 வருடம் ஸ்டேஷனின் தினசரிக் குறிப்பேடான ஜி.டி. எழுதிய கைக்கு அது சிரமமாக இல்லை. நிற்கப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வூதியம் நின்றுபோன ஏழு பேருக்குத் தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நான்கு பேருக்குத் திரும்ப வந்தது.

அப்புறம் தேர்தல் அறிவித்து, வீடு வீடாகப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கிழக்குத் தெருவில் ஒரு ஆச்சி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் புளி குத்திக்கொண்டிருந்தார். கும்பிட்டு, "ஆச்சி, தலைவருக்கு நிக்கிறேன், பூட்டுச் சாவி சின்னம்" என்றேன். அவர் நிமிராமல் கொட்டையை ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "எம் மகன் செத்த வருசம் கேஸு குடுக்க வந்தேன். காலையில வந்தவள சாயந்தரம் நாலு மணி வரைக்கும் மரத்தடியில ஒக்கார வச்சிய. ஒரு ரசீது குடுக்க. ஞாபகம் இருக்கா அப்பு?"

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் என்னை அடித்தது. அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் பாரா (வாசல் காவல்) நான். பெரிய இடத்து பந்தோபஸ்து ஏதாவது இருந்திருக்கும், ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டர் வெளியே போயிருப்பார், புகாரை வாங்கிக்கொண்டதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதுக்கு ஒருவரைக் காக்க வைப்பது அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. அவருக்கு அது மகன் செத்த வருடம். என்ன சொல்வது என்று தெரியவில்லை. கூட வந்த பையன் "ஆச்சி, அதெல்லாம் பழசு" என்று ஆரம்பித்தான், அவனைத் தடுத்தேன். "தப்புத்தான் ஆச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து, ஊரில் என்னால் காக்க வைக்கப்பட்டவர்கள், அதட்டப்பட்டவர்கள், அமைதி காப்பதாக 107-ம் பிரிவில் பிணையெழுதிக் கொடுத்தவர்கள் என்று நினைவுக்கு வந்த பெயர்களை எல்லாம் அதே நோட்டில் எழுதினேன். இருபத்துமூன்று பெயர். அடுத்த நான்கு நாள் அந்த இருபத்துமூன்று வீட்டுக்கும் தனியாக, நோட்டீஸ் இல்லாமல் போனேன். சிலர் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். இரண்டு பேர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் கூடப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு எனக்கு எதிராகத்தான் வேலை பார்த்தார். அவரிடம் எனக்கு வருத்தம் இல்லை, நான் அவர் தம்பியின் மீது போட்ட வழக்கு அப்படிப்பட்டது. நீங்கள் நிற்கப்போகிறீர்கள் என்றால் இந்தப் பட்டியலை முதலில் எழுதுங்கள். கூட்டிக்கொண்டு போக வேண்டாம், சால்வை வேண்டாம். தனியாகப் போய் உட்காருங்கள். விளக்கம் சொல்லவே சொல்லாதீர்கள்.

காலனிக்கும் அப்படியே. கடைசி நாள் மைக் செட் ஆட்டோவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவது ஓட்டுக் கேட்பது ஆகாது. 1997 ஜூன் 30-ல் எங்களுக்குப் பக்கத்தில் மேலவளவில், ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தலித் ஒருவர் தலைவரானதுதான் காரணம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் பத்து வருடம் தேர்தலே நடக்கவிடாமல் இழுத்தடித்து, 2006 அக்டோபரில்தான் நடந்தது. அந்தத் தேர்தலுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து பந்தோபஸ்து போனவர்களில் நானும் ஒருவன். பள்ளிக்கூட வாசலில் லத்தியோடு நின்று, ஒவ்வொருவராக உள்ளே போய் மையோடு வெளியே வருவதைப் பார்த்தேன். இந்தப் பதவிக்கு என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்த இடம் அது.

ஏலத்துக்கு வரச் சொன்னால்

எங்கள் பக்கம் ஊர் அம்பலம், பெரியவர்கள் எல்லாம் கோயிலில் கூடுவார்கள். "போட்டி எதுக்கு, யார் கோயிலுக்கு அதிகம் குடுக்குறாங்களோ அவரே தலைவர்" என்பார்கள். 2019-லும் கூடினார்கள். ஏட்டையாவுக்கு ரிட்டயர்மென்ட் பணம் வந்திருக்கும், கொடுத்தால் முடிந்தது என்று எனக்கும் ஆள் அனுப்பினார்கள். கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டிய பணம் அது, யார் வீட்டுக்கும் போகாது என்றார்கள். நல்ல மனிதர்கள்தான், ஊர் சண்டை இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார்கள்.

நான் போகவில்லை. பதவியை ஏலம் விடுவது சட்டப்படி குற்றம், மாநிலத் தேர்தல் ஆணையமும் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது. அதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு. பணம் கொடுத்து வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்தால், அடுத்த ஐந்து வருடம் அந்தப் பணத்தை எங்கே எடுப்பது என்ற நினைப்புத்தான் ஓடும். கோயிலுக்கு என்னால் முடிந்ததை நன்கொடையாகத் தருகிறேன், தேர்தல் முடிந்த பிறகு, ரசீதோடு தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கொடுத்தேன். ஏலம் நின்றுபோய், நான்கு பேர் போட்டியிட்டோம்.

மனு, செலவு, எண்ணிக்கை

2019 டிசம்பர் 9 முதல் 16 வரை மனுத்தாக்கல், 17-ல் பரிசீலனை, 19 வரை வாபஸ். நான் மூன்றாம் நாளே ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், கூட்டத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போகும். வயது 21 ஆகியிருக்க வேண்டும், அந்தக் கவலை நமக்கு இல்லை. அப்போது தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 300. வார்டு உறுப்பினருக்கு 200, அவர்களுக்கு 100. தலைவர் வேட்பாளர் 34,000 ரூபாய் வரை செலவு செய்யலாம், வார்டு உறுப்பினர் 9,000. அடுத்த தேர்தல் அறிவிப்பில் இந்தத் தொகைகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உறுதிமொழி ஆவணத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுத வேண்டும். மறைக்காதீர்கள். கிராம வழக்குகளில் நம் பெயர் கிராஸ் கேஸில், அதாவது எதிர்வழக்கில், எங்காவது கிடக்கும், முன்கூட்டியே கோர்ட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு முக்கியம். முடிவு வந்த 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், தோற்றவர்களும்தான். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்கவே முடியாமல் தடை வரும். நான் தினமும் ராத்திரி எழுதி வைத்தேன். நோட்டீஸ் அச்சு, ஆட்டோ வாடகை, டீ, வடை, எல்லாம் சேர்த்து 21,000 சொச்சம்.

ஓட்டுச்சீட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். கிராமப்புறத்தில் மிஷின் கிடையாது. ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு வரும். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழுவுக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள். வயதானவர்கள் இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் முத்திரை குத்திவிடுவார்கள், அல்லது மடிக்கும்போது மை ஒட்டிக் குழம்பும். நான் பழைய காலண்டர் தாளில் மாதிரி வரைந்து, ரப்பர் ஸ்டாம்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய்த் திண்ணை திண்ணையாகக் காட்டினேன். எனக்கே குத்துங்கள் என்று சொல்லாமல், எப்படிக் குத்துவது என்று காட்டினால் எல்லோரும் கேட்பார்கள்.

எங்களுக்கு டிசம்பர் 30-ல் ஓட்டுப்பதிவு, 2020 ஜனவரி 2-ல் எண்ணிக்கை. நான்கு நிறத்தையும் பிரித்து அடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. எங்கள் ஊரை எடுத்தபோது ராத்திரி பதினொன்று. இளஞ்சிவப்புச் சீட்டை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, தட்டில் போட்டார்கள். ஏஜென்டாக நிதானமானவரை அனுப்புங்கள், கோபக்காரர் வேண்டாம். எத்தனையோ எண்ணிக்கை மையத்துக்கு வெளியே கயிறு பிடித்து நின்றிருக்கிறேன், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வயிறு எப்படிப் புரளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 61 ஓட்டில் ஜெயித்தேன்.

ஜெயித்த மறுவாரம்

மாலை வாடுவதற்குள் ஒரு காரியம் இருக்கிறது: துணைத் தலைவர் தேர்தல். ஜனவரி 11-ல் நடந்தது. வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் மாட்டேன் என்றால் மோட்டார் ரிப்பேருக்குக் கூடப் பணம் எடுக்க முடியாது. இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு ஊழியர் சம்பளமே நின்றுபோன ஊராட்சிகள் உண்டு. தகராறு முற்றினால் கலெக்டர் தலையிட்டுக் கையெழுத்து அதிகாரத்தையே எடுத்துவிடுவார். எனக்கு எதிரணியில் வேலை பார்த்த ஒரு அம்மாவைத்தான் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நான் அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். "ஒவ்வொரு பில்லையும் நீங்க முதல்ல பாருங்க, பிடிச்சா கையெழுத்து போடுங்க, அப்புறம் நான் போடுறேன்" என்றேன். ஐந்து வருடத்தில் இரண்டு பில்லைத் திருப்பி அனுப்பினார். இரண்டிலும் அவர் சொன்னதே சரி.

முதல் மாதம் கணக்குகளை மட்டும் படியுங்கள். எந்தக் கணக்கில் வரி வருகிறது, எதில் கரன்ட் பில்லும் குடிநீர் வாரியக் கட்டணமும் போகிறது, எதில் மத்திய நிதிக்குழு மானியம் வருகிறது என்று ஊராட்சிச் செயலரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். நான் இருந்தபோது வந்த பதினைந்தாவது நிதிக்குழுப் பணத்தில் பெரும்பகுதி குடிநீர், சுகாதாரத்துக்கென்றே கட்டிவைக்கப்பட்டது, அதைத் தூக்கி ரோடு போட முடியாது. ஸ்டேஷனில் ரைட்டரை நம்பினோமே, அப்படிக் கண்ணை மூடி நம்பாதீர்கள். சந்தேகமும் படாதீர்கள். தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நம் தொழிலில் கற்ற சிலது நன்றாகக் கைகொடுக்கும். மார்ச் 2020-ல், பதவிக்கு வந்து மூன்று மாதம் முடிவதற்குள், ஊரடங்கு வந்தது. இளவட்டங்கள் ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு ரோட்டை அடைத்துவிட்டார்கள். பழைய நினைப்பில் ஒரு சத்தம் போட்டால் ஓடியிருப்பார்கள், மறுநாள் மறுபடி போட்டிருப்பார்கள். உட்கார்ந்து பேசினேன். "நிறைமாசக்காரப் புள்ள மூணு பேர் இருக்கு. ராத்திரி 108 வந்தா யார் இந்த முள்ளை எடுக்கிறது?" என்று கேட்டேன். பெயர் பெயராகச் சொன்னேன், என் நோட்டில் இருந்தது. அவர்களே எடுத்துவிட்டு, ஷிப்டு போட்டு இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து, சாப்பாட்டுக்கு முறை போட்டதும் அவர்களே. பந்தோபஸ்து ஸ்கீம் போட்ட அனுபவம் அங்கே உதவியது, அதட்டிய அனுபவம் உதவவில்லை.

கிராம சபையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்கு, பிறகு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாகிவிட்டது. எங்கள் அளவு ஊருக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். என் முதல் கிராம சபையில் ஒரு பையன் எழுந்து, "போன மாச தெருவிளக்குச் செலவுக்கு பில் காட்டுங்க" என்றான். எனக்கு ரத்தம் ஏறியது உண்மை. கை தானாக இடுப்பு பெல்ட்டுக்குப் போனது. உட்கார் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லவில்லை. பில்லை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து, மைக்கில் வாசிக்கச் சொன்னேன். அடுத்த கூட்டத்திலிருந்து செலவுப் பட்டியலைக் கேட்கும் முன்பே சுவரில் ஒட்டிவிட்டோம்.

ஸ்டேஷன் வாசல்

தலைவரான பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வரும் போன் பெரும்பாலும் ஸ்டேஷன் விஷயமாகத்தான் இருக்கும். நமக்கு அங்கே ஆள் தெரியும் என்று ஊருக்கே தெரியும். எங்கள் உறவுக்காரப் பையனை மணல் வண்டியோடு பிடித்தபோது அவன் அம்மா வந்து காலில் விழுந்தார். அன்றைக்கு இருந்த எஸ்.ஐ. எனக்கு நன்றாகத் தெரிந்தவர். நான் போன் போடவில்லை. வக்கீல் பெயர் சொல்லி, ஜாமீன் மனுவுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் குடும்பம் இன்றும் என்னோடு பேசுவதில்லை. அக்கா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் எதிரே உட்கார்ந்தும் முகம் பார்க்கவில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் கூடவே போவேன். யாராக இருந்தாலும் சரி. மனுவைத் தேதி, நேரம், இடத்தோடு இரண்டு நகல் எழுதவைத்து, கையில் சி.எஸ்.ஆர். ரசீது வரும் வரை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சிபாரிசு பேசமாட்டேன், உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். கிழக்குத் தெரு ஆச்சியே 2022-ல் பேத்தி விஷயமாக ஒரு புகார் கொடுக்க வந்தார். நாற்பது நிமிஷத்தில் ரசீது கிடைத்தது. அவர் அதை மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை என்னோடு பேசிக்கொண்டே வந்தார்.

இறங்கும்போது

மதிப்பூதியம் முதலில் மாதம் 1,000 ரூபாய், பிறகு 2,000 ஆனது. பெட்ரோலுக்கே போதாது, தெரிந்துகொண்டே வாருங்கள்.

2025 ஜனவரி 5-ல் காலம் முடிந்து, ஊராட்சி மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனது. ஒப்படைக்கும்போது பதிவேடுகள், காசோலைப் புத்தகம், சாவிகள், தளவாடச் சாமான் என்று ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, வாங்குபவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கேஸ் டைரி ஒப்படைப்பது போலத்தான். தீர்மானப் புத்தகம், பில், வவுச்சர் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தச் செலவில். உள்ளாட்சித் தணிக்கைக் கேள்வி நாம் இறங்கிய பிறகும் வரும். எனக்கு எட்டு மாதம் கழித்து வந்தது: 2021-ல் வாங்கிய நீர்மூழ்கி மோட்டாருக்கு மூன்று விலைப்புள்ளி எங்கே என்று. பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஃபைலை எடுத்து, மூன்றையும் நகலெடுத்து, மறுநாள் காலை பத்து மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.